வாசகர் கேள்வி – பதில்: அனுப்பிய விலைப்பட்டியல் போய்ச் சேராதது ஏன்?

கேள்வி: சீப்புச் சீடை, மனகோலம், அதிரசம் செய்து விற்கிறேன். 600 வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப் பிராட்காஸ்டில் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியே அனுப்பும் வசதி) விலைப்பட்டியல் அனுப்பினால், பாதிப் பேர் வரவேயில்லை என்கிறார்கள். மொத்தமாக அனுப்பும் சாஃப்ட்வேர் வாங்கலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: வேண்டாம். அது வாட்ஸ்அப் விதிகளுக்கு எதிரானது, எண்ணையே முடக்கிவிடுவார்கள். தீபாவளி வாரத்தில் அப்படி நடந்தால் கேட்கவே வேண்டாம்.

உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே பிராட்காஸ்ட் செய்தி போகும். அவர் எண் உங்களிடம் இருந்தால் மட்டும் போதாது. ஒரு லிஸ்ட்டில் 256 பேர்தான் அடங்குவார்கள். உங்களுக்கு 3 லிஸ்ட் தேவை. அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்துத் தகவலைத் திறந்தால், யார் யாருக்குச் சேர்ந்தது என்று தெரியும். இரண்டு நாளாகியும் பெயர் வராதவர்கள் பெரும்பாலும் எண்ணைச் சேமிக்காதவர்கள். பலகார டப்பாவுக்குள் ஒரு சீட்டு வையுங்கள்: ‘இந்த எண்ணைச் சேமித்துக்கொண்டு, வணக்கம் என்று ஒரு வரி அனுப்புங்கள்.’ வணக்கம் சொன்னவர்களை மட்டும் லிஸ்ட்டில் சேருங்கள். குரூப் தொடங்காதீர்கள், எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

லிஸ்ட்டை ஊர்வாரியாகப் பிரிப்பது நல்லது. சிங்கப்பூரும் மலேசியாவும் நமக்கு 2½ மணி நேரம் முந்தி. இங்கே இரவு 9 மணிக்கு அனுப்பினால் அங்கே 11.30. கிலோ விலை, எத்தனை நாள் கெடாது, ஆர்டருக்குக் கடைசித் தேதி மூன்றும் முதல் இரண்டு வரியிலேயே வரட்டும். வாழ்த்துக் கவிதை பிறகு. படத்தை வளவில் (வீட்டின் நடு முற்றத்தில்) விழும் காலை வெளிச்சத்தில் எடுங்கள். மங்கிய விளக்கில் எடுத்தால் நல்ல அதிரசமும் கருகியதுபோல் தெரியும்.

கேள்வி: எங்கள் டைல்ஸ் பட்டறைக்குக் கூகுள் மேப்பில் ஒருவர் 1 ஸ்டார் போட்டு, ‘கல்லில் வெள்ளை பூத்துவிட்டது’ என்று எழுதிவிட்டார். அழிக்க முடியுமா?
– வாசகர், ஆத்தங்குடி

பதில்: உங்களால் முடியாது. எழுதியவர் அழிக்கலாம், விதியை மீறியிருந்தால் கூகுள் நீக்கும். நிஜமான புகார் விதிமீறல் ஆகாது. சொந்தக்காரர்களை விட்டு 5 ஸ்டார் போடச் சொல்வதுதான் விதிமீறல்.

அந்தப் புகாரின் கீழேயே பதில் எழுதுங்கள். ஈரம் மேலேறும்போது சிமென்ட்டில் உள்ள உப்பும் கூட வந்து பூக்கிறது, ஆசிட் ஊற்றினால் மேற்பரப்பு அரித்துவிடும், படம் அனுப்பினால் ஆள் வந்து பார்ப்பார் என்று நாலு வரி போதும். அடுத்து வாங்க வருகிறவர் புகாரோடு அதையும் சேர்த்துத்தான் படிப்பார். புகார் சொன்னவரின் போன் எண்ணையோ பில் விவரத்தையோ அதில் போடாதீர்கள். குறை தீர்ந்தபின் மதிப்பீட்டை மாற்றச் சொல்லிக் கேட்கலாம். அதற்காகத் தள்ளுபடி தரக் கூடாது.