மாதிரி ராக்கெட்டில் வீடியோ கேமரா: எங்கே பொருத்துவது, எந்த மோட்டாரில் ஏற்றுவது?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் வசிக்கிறோம். என் மகளும் நானும் எஸ்டஸ் நிறுவனத்தின் 'பிக் பெர்த்தா' ராக்கெட்டைச் செய்து, சாவிக்கொத்து அளவிலான சிறு வீடியோ கேமராவை வால் துடுப்புகளுக்குச் சற்று மேலே டேப்பால் ஒட்டி, சி6-5 மோட்டாரில் ஏவினோம். ஏவுகம்பியை விட்டதுமே ராக்கெட் காற்று வந்த பக்கமாகச் சாய்ந்துவிட்டது. வேகமாக விழத் தொடங்கிய பிறகுதான் பாரசூட் விரிந்தது. வீடியோவில் சுழற்சியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. வண்ணம் பூசிய ராக்கெட்டின் எடை 74 கிராம், கேமரா 20 கிராம். எதை மாற்ற வேண்டும்?

பதில்: முதலில் மாற்ற வேண்டியது மோட்டார். நீங்கள் தந்த எடைகளோடு மோட்டாரின் 25 கிராமையும், டேப், தீத்தடுப்புத் தாள் ஆகியவற்றுக்கு ஓர் ஐந்தாறு கிராமையும் கூட்டினால் ஏறத்தாழ 125 கிராம் வருகிறது. சி6-5 மோட்டாருக்கு நிறுவனம் குறித்திருக்கும் உச்ச ஏவு எடையோ 113 கிராம்தான். வரம்பை மீறிய ராக்கெட் ஏவுகம்பியின் நுனியை அடையும்போது துடுப்புகள் காற்றைப் பிடித்து நிலைநிறுத்துவதற்குத் தேவையான வேகத்தைப் பெற்றிருக்காது; அதனால்தான் அது காற்றுக்கு எதிராகத் திரும்பியது. உயரம் குறைந்ததால் உச்சியையும் முன்னதாகவே தொட்டுவிட்டது. ஆனால் '5' என்ற எண் குறிக்கும் ஐந்து நொடித் தாமதம், அதாவது மோட்டார் உந்தி முடித்ததிலிருந்து பாரசூட்டை வெளித்தள்ளும் வரையிலான நேரம், அப்படியே இருந்தது. பாரசூட் தாமதமாக வந்ததற்குக் காரணம் இதுவே. சி6-3 போட்டால் பாரசூட் முன்னதாக வெளியேறும், ஆனால் தூக்கும் வரம்பு அதே 113 கிராம்தான் என்பதால் அது தீர்வாகாது.

எனது பரிந்துரை டி12-5. இதன் வரம்பு 283 கிராம். மொத்த உந்துதலும் (விசையையும் அது நீடிக்கும் நேரத்தையும் சேர்த்த அளவு) சி6-ஐப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆனால் சி6 மோட்டாரின் விட்டம் 18 மி.மீ., டி12-இன் விட்டம் 24 மி.மீ. என்பதால் மோட்டார் பொருத்தும் குழாயை மாற்ற வேண்டும். பிக் பெர்த்தாவின் உடல் 41.6 மி.மீ. அகலமுள்ளது, ஆகவே இடத்துக்குக் குறைவில்லை. பழைய குழாயைப் பிய்த்தெடுப்பதைவிட இன்னொரு ராக்கெட்டைத் தொடக்கத்திலிருந்தே இப்படிச் செய்வது எளிது என்பேன். முடிவில் எடை 150 கிராம் அளவில் நிற்கும்.

இந்த மாற்றத்துக்கு ஒரு விலை உண்டு. டி12 மோட்டார் சுமார் 18 கிராம் கூடுதல் எடையை வாலில் ஏற்றுகிறது. எடை மையம் பின்னோக்கி நகர்கிறது. ராக்கெட் நேராகப் பறக்க வேண்டுமானால் எடை மையம், காற்றழுத்த மையத்துக்கு (பக்கவாட்டுக் காற்றின் விசை ஒட்டுமொத்தமாகச் செயல்படும் புள்ளிக்கு) முன்னால், குறைந்தது உடல் விட்டத்தின் அளவுக்கு, அதாவது உங்கள் ராக்கெட்டில் நான்கு சென்டிமீட்டருக்கு மேல், தள்ளி இருக்க வேண்டும். ஆகவே கேமராவை வாலருகே வைக்காதீர்கள். மூக்குக் கூம்புக்குச் சற்றுக் கீழே உடல் குழாயில், லென்ஸ் கீழ்நோக்கிப் பார்க்குமாறு பொருத்துங்கள். 1970 வாக்கில் எஸ்டஸ் விற்ற 'சினிராக்' என்ற ஃபிலிம் கேமராவும் ராக்கெட்டின் மூக்கில் அமர்ந்து பின்னோக்கித்தான் படமெடுத்தது. காட்சியும் இங்கிருந்தே சிறப்பாக அமையும்: துடுப்புகள், புகைத்தடம், சுருங்கிக்கொண்டே போகும் ஏவுதளம் எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வரும். பாரசூட் விரிந்தபின் உடல் வால் கீழாகத் தொங்குவதால் இறங்கும்போதும் லென்ஸ் தரையையே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒட்டும் முறையில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. டி12 உச்ச விசையில் ஏறத்தாழ 30 நியூட்டன் தள்ளுகிறது. 150 கிராம் ராக்கெட்டில் அது புவியீர்ப்பைப் போல இருபது மடங்கு. உங்கள் 20 கிராம் கேமரா அந்தக் கணத்தில் 400 கிராம் பொருளைப் போல வாலை நோக்கி அழுத்தும். டேப்பின் பிடியை மட்டும் நம்பாமல், கேமராவின் கீழ் விளிம்பு உட்காருமாறு பால்சா மரத்துண்டு ஒன்றை, லென்ஸை மறைக்காமல், உடலில் பசையால் ஒட்டி அணை கொடுங்கள். அடியில் மெல்லிய இருபக்க டேப் போதும். தடித்த ஸ்பான்ஜ் டேப் அதிர்வைக் குறைக்கும் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் கேமரா அதன்மேல் ஆடும். சிறு கேமராக்கள் படத்தை வரி வரியாகப் பதிவதால் அந்த ஆட்டம் முழுப் படத்தையும் நெளியச் செய்யும். மெமரி கார்டின் வாய்மீதும் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். கார்டின் ஸ்பிரிங் இந்த அழுத்தத்தில் விடுபட்டுவிடலாம்.

அடுத்தது சுழற்சி. ஒரு பக்கம் மட்டும் துருத்திக்கொண்டிருக்கும் கேமரா ராக்கெட்டை அந்தப் பக்கமாக இழுக்கும்; ஒரு துடுப்பு சற்றே கோணலாக ஒட்டப்பட்டிருந்தாலும் ராக்கெட் தன் அச்சில் சுழலும். கேமராவுக்குக் கனமான தாளில் கூர்முனையுள்ள ஒரு மூடி செய்து, அதே வடிவத்தில் வெற்று மூடி ஒன்றை நேர் எதிர்ப்பக்கத்திலும் ஒட்டுங்கள். இரண்டும் ஏவுகம்பிக் குழலிலிருந்து கால் வட்டம் தள்ளி இருந்தால் கம்பியில் இடிக்காது. பாரசூட் நூல் சிக்கும்படியான விளிம்பு எதுவும் மூடியில் இருக்கலாகாது. ஆனால் துடுப்புகள் கோணலாக இருந்தால் மூடிகளால் பயனில்லை. வாலின் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு துடுப்பையும் பார்த்து, பசை காய்வதற்குள் சரிசெய்வதே நல்ல வீடியோவுக்கான பெரும்பகுதி வேலை. கேமராவில் தேர்வு இருந்தால் 1080பி-இல் நொடிக்கு 30 ஃபிரேமைவிட 720பி-இல் 60 ஃபிரேம் மேல். நல்ல வெயிலில் ஏவினால் மங்கலும் குறையும்.

ஏவுமுன் ஊஞ்சல் சோதனையைத் தவற விடாதீர்கள். மோட்டார், பாரசூட், கேமரா அனைத்தையும் ஏற்றிய நிலையில் எடை மையத்தில் நீண்ட கயிற்றைக் கட்டித் தலைக்கு மேலே சுழற்றுங்கள்; மூக்கு முன்னே செல்ல வேண்டும். பக்கவாட்டிலோ வால் முன்னாகவோ சென்றால் மூக்குக் கூம்புக்குள் களிமண் சேர்த்து மீண்டும் சோதியுங்கள். அதற்கு முன் ஏவவே கூடாது. வழக்கமான 90 சென்டிமீட்டர் ஏவுகம்பிக்குப் பதில் 120 சென்டிமீட்டர் கம்பி இருந்தால் நல்லது. டி மோட்டார் வரைக்கும் குறைந்தது 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது அமெரிக்க தேசிய ராக்கெட்ரி சங்கத்தின் பாதுகாப்பு விதி. காற்று மணிக்கு 32 கிலோமீட்டரைத் தாண்டினால் ஏவக்கூடாது என்பதும் அதில் உண்டு. கேமராவைச் சுமக்கும் ராக்கெட்டுக்கு நான் அதில் பாதிக் காற்றையே ஏற்பேன்.

ஏவுகம்பியில் ஏற்றுவதற்கு முன்பே பதிவைத் தொடங்கி, விளக்கைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். தரையிறங்கிய ராக்கெட்டைக் கண்டெடுத்ததும் பொத்தானை அழுத்திப் பதிவை நிறுத்திய பிறகே மின்கலத்தையோ கார்டையோ தொடுங்கள். இடையில் மின்சாரம் அறுபட்டால் வீடியோ கோப்பு முழுமையடையாமல் திறக்க முடியாதபடி போய்விடலாம்.