நுவரெலியாவில் டென்னிஸ் பந்து எல்லை தாண்டுவது ஏன்?

நுவரெலியாவில் டென்னிஸ் ஆடும்போது பந்து வெளியே போவது ஏன் என்றும், கோட்டின் வெளிவிளிம்பைத் தொட்ட பந்தை நண்பர் வெளியே என்றது சரியா என்றும் கேட்டிருந்தீர்கள். பந்தும் பழுதில்லை, உங்கள் அடியும் பழுதில்லை. கொழும்பில் கோட்டுக்குள் விழுந்த அதே அடி நுவரெலியாவில் வெளியே போவதற்கு உயரமே பெரும்பாலும் காரணம். ஆனால், கோட்டின் வெளிவிளிம்பைத் தொட்ட பந்தை உங்கள் நண்பர் வெளியே என்றது தவறு. கோட்டைத் தொட்டாலே பந்து உள்ளேதான்.

சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவாக இருப்பதால், காற்றடைத்த சாதாரணப் பந்து கூடுதலாக விம்மி உயர எழும்புகிறது. ஐதான காற்று அதன் வேகத்தையும் அவ்வளவாகத் தடுப்பதில்லை. இதனாலேயே 1,219 மீற்றருக்கு மேல் ஆடும்போது, துள்ளல் குறைந்த தனிவகைப் பந்தையும், அந்த உயரத்திலேயே 60 நாட்களுக்குக் குறையாமல் வைத்துப் பழக்கிய அழுத்தமற்ற பந்தையும் (உள்ளே கூடுதல் காற்றழுத்தம் இல்லாதது) பயன்படுத்த டென்னிஸ் விதிகள் இடமளிக்கின்றன.

சுவரில் சோக்கால் 254 செ.மீ., 147 செ.மீ. உயரங்களில் கோடிட்டு, மேற்கோட்டிலிருந்து பந்தைச் சீமெந்துத் தரையில் மெல்ல விடுங்கள். பந்தின் அடிப்பக்கம் கீழ்க்கோட்டைத் தாண்டினால், பந்து வழமையைவிட உயரமாகத் துள்ளுகிறது என்பது உறுதி.

இதை வெயில் ஏறிய பின்னரே செய்யுங்கள். காலைப் பனியில் குளிர்ந்து நனைந்த பந்து நன்றாகத் துள்ளாது.