புயலுக்கு முன் திறக்கும் வான்கதவு: கேள்வி பதில்

வன்னிக் குளங்களில் நீர்ப்பாசனப் பொறியியலாளராக நெடுங்காலம் பணியாற்றிவிட்டு இப்போது யாழ்ப்பாணத்தில் ஓய்வில் இருக்கிறேன். ஒவ்வொரு கார்த்திகையிலும் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் சிலவற்றுக்கு, கேட்டவரின் ஊரை முன்னால் போட்டு, இங்கே பதில் எழுதுகிறேன்.

நல்லூர்: ஐயா, 36 அடி கொள்ளும் இரணைமடு போன்ற குளத்தில் 34 அடி நிற்கும்போதே, வானம் வெளித்திருக்கும் நேரத்தில் மிகைநீரை வெளியேற்றும் வான்கதவைத் திறந்து நல்ல தண்ணீரைக் கடலுக்கு விடுவது அநியாயம் அல்லவா?

அடிக் கணக்கு நம்மை ஏமாற்றிவிடும். விளங்குவதற்காக ஒரு மாதிரிக் குளத்தை எடுத்துக்கொள்வோம். அதன் நீரேந்து பரப்பு, அதாவது மழைநீர் அதற்குள் வடிந்து வரும் நிலம், 500 சதுர கிலோமீட்டர். நீர் பரவி நிற்கும் பரப்பு 20 சதுர கிலோமீட்டர். ஒரே நாளில் 200 மில்லிமீட்டர் மழை பெய்து, அதில் பாதி மண்ணில் இறங்கி, மீதிப் பாதி குளத்துக்கு வந்தாலும், வந்து சேருவது 50 மில்லியன் கன மீட்டர். மிச்சமிருக்கும் இரண்டு அடிக்குள் அடங்குவதோ ஏறக்குறைய 12 மில்லியன் மட்டுமே. வரத்து நாள் முழுவதும் ஒரே சீராக இருந்தால்கூட அந்த இரண்டு அடியும் ஆறு மணி நேரத்தில் நிரம்பிவிடும்.

அதற்குப் பிறகுதான் திறப்போம் என்று காத்திருந்தால், மீதி 38 மில்லியனையும் எஞ்சிய பதினெட்டு மணி நேரத்துக்குள் வெளியேற்ற வேண்டும். அது சராசரியாக விநாடிக்கு ஏறக்குறைய 585 கன மீட்டர். அதே குளத்தில் மூன்று நாட்களுக்கு முன்பே விநாடிக்கு 100 கன மீட்டர் வீதம் திறந்துவிட்டிருந்தால், புயல் நாளில் 140 கன மீட்டரோடு சமாளித்திருக்கலாம். கீழே இருக்கும் கிராமத்துக்கு முற்றத்தில் வரும் தண்ணீருக்கும் கூரையைத் தொடும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

பளை: மழை வரும் என்று சொல்லித் திறந்துவிட்டு, புயல் வேறு பக்கம் போய்விட்டால் குளத்து நீரை நம்பிக் கோடையில் செய்யும் எங்கள் சிறுபோகத்துக்கு யார் பொறுப்பு?

இந்தப் பயம் நியாயமானது. கமக்காரர் கேட்காவிட்டால்தான் நான் கவலைப்படுவேன். இதற்குப் பதில் நாட்காட்டியில் இருக்கிறது. நமக்கு மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை கிடைக்கிறது. ஆகையால் நவம்பர் தொடக்கத்தில் குளத்தில் விட்டுவைக்கும் வெற்றிடத்தை நிரப்ப இன்னும் பல வாரங்கள் கையில் இருக்கின்றன. தை பிறந்த பிறகு அதே வெற்றிடத்தை விட்டால் அது பெரும்பாலும் நிரம்பாது. எந்த வாரத்தில் எத்தனை அடிக்கு மேல் நீரை நிறுத்தக்கூடாது என்ற அட்டவணையை மாரி தொடங்குமுன், கமக்கார அமைப்புகளையும் உட்காரவைத்து, எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான். புயல் இரவில் தொலைபேசியில் பேசி எடுக்கும் முடிவு பெரும்பாலும் பிந்தியதாகவே இருக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வறண்ட நிலம் முதல் மழையை உறிஞ்சிக்கொள்ளும். மார்கழியில் ஊறிக் கிடக்கும் நிலத்தில் விழும் மழை அப்படியே குளத்துக்கு ஓடிவரும். கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூழ்கடித்த 2018 வெள்ளம் வந்ததும் டிசம்பர் பிற்பகுதியில்தான்.

சுன்னாகம்: குடிநீருக்காகக் கட்டிய நீர்த்தேக்கத்தை நிரப்பித்தானே வைக்க வேண்டும்?

குடிநீருக்கு நிரப்ப வேண்டும், வெள்ளத்துக்கு வெறுமையாக வைக்க வேண்டும். ஒரே குளத்திடம் இரண்டையும் கேட்பதில்தான் சிக்கலே இருக்கிறது. 1974 வெள்ளத்துக்குப் பிறகு பிரிஸ்பேன் நகருக்காகக் கட்டப்பட்ட விவன்ஹோ அணையில், குடிநீருக்கான கொள்ளளவுக்கு மேலே வெள்ளத்துக்கென்றே தனி இடம் ஒதுக்கினார்கள். அப்படியிருந்தும் 2011 ஜனவரியில் நகரம் மூழ்கியது. சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரியில் அத்தகைய தனி இடம் இல்லை. 2015 டிசம்பர் 1 அன்று, ஏற்கெனவே நிறைந்திருந்த அந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி அளவில் திறக்க வேண்டி வந்தது, அடையாற்றங்கரை மூழ்கியது.

தொண்டைமானாறு: எங்கள் தடுப்பணையையும் முன்கூட்டியே திறந்துவிட்டால் போதுமா?

போதாது. குளத்தின் கீழே ஆறு இருக்கிறது. உங்களுக்குக் கீழே கடல் இருக்கிறது. அந்த அணைக்கு இரட்டை வேலை: வடமராட்சி நீரேரியில் சேரும் மழைநீரை உவர் நீர் கலக்காமல் காப்பது, வெள்ளம் மிஞ்சும்போது அதைக் கடலுக்கு விடுவது. நம்முடைய கரையில் வற்றுப்பெருக்கு சிறியதுதான். ஆனால் தாழமுக்கம் நெருங்கும்போது காற்று கடலைக் கரைக்கு உந்திவிடும். அந்த நேரத்தில் கதவு திறந்திருந்தால் உப்புநீர் உள்ளே ஏறி, பல ஆண்டுகளாக நன்னீராகி வந்த வயற்கரையைக் கெடுத்துவிடும். எனவே அணையின் இரு பக்கத்து அளவுகோல்களையும் பார்த்து, உள்ளே மட்டம் உயர்ந்திருக்கும் மணிநேரங்களில் மட்டும் திறக்க வேண்டும். புயலுக்கு இரண்டு நாள் முன்பு அந்த வாய்ப்பு அதிகம்.

கோண்டாவில்: இப்போது கதவுகள் மின்சாரத்தில் இயங்கும்போது இரவில் ஆட்கள் எதற்கு?

ஒரு குளத்தில் புயல் இரவில் மின்சாரம் நின்றது. ஜெனரேற்றரின் டீசலில் தண்ணீர் கலந்திருந்ததால் அது இயங்கவில்லை. நான்கு பேர் முறைவைத்துக் கைப்பிடியைச் சுற்றி, ஒரு கதவை ஓர் அடி உயர்த்த ஒன்றரை மணி நேரம் ஆனது. அதற்குள் அடித்துவரப்பட்ட மரக்கிளைகளும் சல்வீனியா என்ற மிதக்கும் நீர்க்களையும் பக்கத்துக் கதவில் அடைந்துவிட்டன. ஐப்பசியிலேயே எல்லாக் கதவுகளையும் கையால் ஒருமுறை தூக்கிப் பார்க்க வேண்டும்.

சாவகச்சேரி: என் தங்கை குடும்பம் ஒரு குளத்தின் கட்டுக்குக் கீழே குடியிருக்கிறது. அவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

மண்கட்டுக்கு மேலால் தண்ணீர் வழிந்தால் அது வேகமாக அரித்துக்கொண்டு போய்விடும். அதைத் தடுக்கத்தான் இவ்வளவு கணக்கும். ஆனால் வழியாமலும் கட்டு உடையும். 1986 ஏப்ரல் 20 அதிகாலை, புயல் ஏதும் இல்லாதபோது கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

கட்டின் அடிவாரத்தில் கசிவு தெரிந்தால், ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தெளிந்த நீர் நாள்தோறும் ஒரே அளவில் கசிந்தால் அறிவித்துவிட்டுக் கண்காணிக்கலாம். கலங்கலாக இருந்தாலோ, நேற்றைவிடக் கூடியிருந்தாலோ, குவளையின் அடியில் மண் படிந்தாலோ, கட்டின் உட்புறத்திலிருந்து மண் வெளியேறுகிறது என்று பொருள். அப்படியானால் பிள்ளைகளையும் முதியவர்களையும் உடனே மேட்டுக்கு அனுப்பிவிட்டு, அதன் பிறகு கிராம அலுவலருக்குச் சொல்லட்டும்.