பிரிட்டனில் மானைச் சுடுவதற்குப் பயிற்சியும் தேர்வும் உண்டாமே? சாதுவான பிராணியைக் கொல்ல ஒரு படிப்பு எதற்கு?

உண்டு. டிஎஸ்சி (Deer Stalking Certificate) என்ற மான் வேட்டைச் சான்றிதழ், அதில் டிஎஸ்சி 1, டிஎஸ்சி 2 என்று இரண்டு நிலைகள். நான் முதல் நிலையை முடித்திருக்கிறேன். ஸ்காட்லாந்தின் வடக்கே பத்து வருடமாக இருக்கிறேன், ஓர் ஊர்ப் பொதுக்காட்டில் மரம் நடும் தன்னார்வலர்களோடு சேர்ந்ததில்தான் இது ஆரம்பித்தது. உங்கள் இரண்டாவது கேள்வி அப்போது எனக்கும் இருந்தது. அதனால் அதிலிருந்தே வருகிறேன்.

நாங்கள் நட்ட பிர்ச், ரோவன் கன்றுகளில் பெரும்பாலானவை முதல் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. முயல்தான் காரணம் என்று நினைத்தேன். கூட வந்த பெரியவர் ஒரு குச்சியை ஒடித்துக் காட்டினார். முயல் கடித்தால் கத்தியால் சீவியதுபோல் சாய்வாக இருக்கும். மானுக்கு மேல்வரிசையில் முன்பற்கள் கிடையாது, கொழுந்தைப் பிய்த்துத்தான் இழுக்கும், நுனி நார்நாராகத் தொங்கும். எங்கள் கன்றுகள் எல்லாம் அப்படித்தான் இருந்தன.

இங்கே ஓநாய் அழிந்து முந்நூறு வருடம் ஆகிறது. லின்க்ஸ் என்ற பெரிய காட்டுப்பூனை அதற்கு முன்பே போய்விட்டது. மானைக் குறைக்க மனிதனைத் தவிர வேறு யாரும் இல்லை. சரி, அப்படியே விட்டுவிட்டால் என்ன? அதற்கு ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரம் உள்ள ரம் என்ற தீவில் பதில் இருக்கிறது. அங்கே 1953 முதல் செம்மான்களை ஆராய்கிறார்கள். தீவின் வடபகுதியில் 1970களின் தொடக்கத்தில் சுடுவதை நிறுத்தினார்கள். எண்ணிக்கை ஏறியது. கூடவே பிணைமான்கள், அதாவது பெண்மான்கள், முதல் குட்டி போடுவது தள்ளிப்போனது, குளிர்காலத்தில் குட்டிகள் அதிகம் செத்தன, அதிலும் ஆண்குட்டிகள். பசியில் மெலிந்து சாவதை இயற்கை என்று சொல்லிவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

ஸ்காட்லாந்தின் கிரெய்க் மெகி என்ற மலைக்காப்பகம் இதற்கு மறுபக்கம். 1980களின் நடுவிலிருந்து அங்கே வேலி போடாமல் மான் எண்ணிக்கையை மட்டும் குறைத்தார்கள். விதையிலிருந்து பிர்ச் தானாகவே முளைத்து இன்று காடாக நிற்கிறது. மானும் இருக்கிறது.

இப்போது பயிற்சிக்கு வருகிறேன். சட்டப்படி இந்தச் சான்றிதழ் கட்டாயம் இல்லை, ஆனால் நில உரிமையாளர்கள் பலர் கேட்பார்கள். எழுத்துத் தேர்வில் சட்டம், மானின் வாழ்க்கை, நோய், இறைச்சிச் சுத்தம் எல்லாம் வரும். படத்தைப் பார்த்து பிரிட்டனின் ஆறு வகை மான்களில் எது, ஆணா பெண்ணா என்று சொல்ல வேண்டும். துப்பாக்கிப் பாதுகாப்புக்குத் தனித் தேர்வு. சுடும் தேர்வில் மான் வடிவ அட்டையில் 100 மீட்டரில் இரண்டு, 70இல் இரண்டு, 40இல் இரண்டு. ஆறும் நெஞ்சுப் பகுதிக்குள் விழ வேண்டும், ஒன்று தவறினாலும் தோல்வி. இந்தக் கறார் எனக்குப் பிடித்திருந்தது. வயிற்றில் குண்டு பட்ட மான் பல மணி நேரம் துடிக்கும்.

ஆனால் நான் உண்மையில் கற்றுக்கொண்டது பிறகு ஒரு நவம்பர் காலையில், அனுபவசாலி ஒருவர் பின்னால் மலையேறியபோதுதான். காற்று எங்கள் முகத்தில் அடிக்கும்படி வழி பிடித்து, ஹெதர் புதரில் ஊர்ந்து போனோம். முதல் பிணைமான் முகட்டின் மேல் நின்றது, பின்னால் வானம். தோட்டா புதைய மண் இல்லை, எங்கே போய் விழும் என்று யாருக்கும் தெரியாது. விட்டுவிட்டார். இரண்டாவது, அழகாகப் பக்கவாட்டில் நின்றது. ஆனால் அதற்குப் பின்னால் இன்னொன்றின் கால்கள் தெரிந்தன, குண்டு ஊடுருவி அதையும் தாக்கும். விட்டுவிட்டார். மூன்றாவதைத் தொலைநோக்கியில் கால்மணி நேரம் பார்த்தார். மடி கனத்திருந்தது, குட்டியைக் காணவில்லை. தாயைச் சுட்டுவிட்டால் அந்தக் குட்டி குளிரில் தனியாகச் சாகும். எடுப்பதென்றால் இரண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும், முடிந்தால் குட்டியை முதலில். அவர் துப்பாக்கியை உறையில் போட்டார். அன்று வெறுங்கையோடு இறங்கினோம். அந்த நாளை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை வருகிறது.

சுட்ட நாட்களிலும் உடனே ஓட மாட்டார்கள். அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு காத்திருப்பார்கள். மான் நின்ற இடத்தில் நுரைத்த இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல், பச்சை கலந்திருந்தால் குடல், அப்போது இன்னும் பொறுத்துத்தான் நாயோடு தேட வேண்டும். கிட்டப் போனதும் கண்மணியைக் குச்சியால் தொட்டு உயிர் இல்லை என்று உறுதி செய்வார்கள். பிறகு குடலை எடுத்து, காசநோய் அறிகுறி உண்டா என்று நிணநீர்க் கணுக்களைப் பார்ப்பார்கள். அந்த இறைச்சி யாரோ ஒருவர் வீட்டுச் சாப்பாடு ஆயிற்றே.

காலமும் முக்கியம். ஸ்காட்லாந்தில் செம்மான் பிணையைச் சுடுவதற்கான பருவம் அக்டோபர் 21 முதல் பிப்ரவரி 15 வரை. அதற்குப் பிறகு சினை முற்றும், கோடையில் பால்குட்டி இருக்கும்.

இந்தியாவில் இதை அப்படியே செய்யலாமா என்று பின்னூட்டத்தில் கேட்பீர்கள். அங்கே 1972 வனவிலங்குச் சட்டம் மான் வேட்டையைத் தடுக்கிறது. புலியும் செந்நாயும் இருக்கும் காட்டில் அந்த வேலையை அவை பார்த்துக்கொள்கின்றன, நம் முதுமலைக்குத் துப்பாக்கி வேண்டாம். அந்தமான் கதை வேறு. ஆங்கிலேயர் கொண்டுபோய் விட்ட புள்ளிமான், அதைத் தின்ன ஒரு விலங்கும் இல்லாத தீவுகளில் பெருகி, இளங்கன்றுகளைத் தலையெடுக்க விடாமல் மேய்கிறது. அதைப் பற்றி நாம் தைரியமாகப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் பிரிட்டனில் இருந்தால், டிஎஸ்சி 1 வகுப்பில் சேரத் துப்பாக்கி உரிமம் தேவையில்லை. அதற்கும் முன்னால், வசந்தத்தில் புல் உயர்வதற்குள் காட்டில் மான் புழுக்கை எண்ணப் போவார்கள், எத்தனை மான் இருக்கிறது என்று கணிக்க. அதற்கு ஆள் எப்போதும் போதாது. பக்கத்தில் ஒரு பொதுக்காடு இருந்தால் கேட்டுப் பாருங்கள், மழைக்கால பூட்ஸ் மட்டும் போதும்.