பார்த்திராத தோழியைத் தேடலாமா?

கேள்வி: வலைப்பூ எழுதும் நண்பர்கள் இருபது பேருக்குத் தவறாமல் பின்னூட்டம் இடுகிறேன். என் பதிவுக்கு வருபவர்கள் நான்கு பேர்தான். நிறுத்திவிடலாமா? (ஒரு வாசகர், ராஜாஜி நகர், பெங்களூரு)

பதில்: இருபது பேரையும் உண்மையில் படிக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். கல்யாண வீட்டு மொய் நோட்டைப் போலப் பின்னூட்டத்துக்கும் கணக்கு வைத்தால், "அருமை", "தொடருங்கள்" என்பதற்கு மேல் எவருக்கும் எதுவும் எழுதத் தோன்றாது. அந்த நான்கு பேரின் பழைய பதிவுகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படியுங்கள். ஒவ்வொருவரிடமும் கேட்க ஒரு கேள்வியாவது கிடைக்கும். அதைக் கேளுங்கள். மற்ற பதினாறு பேரை விட்டுவிடுவதில் தவறில்லை.

கேள்வி: எனக்கு வயது 71. அறுநூறு பதிவுகள் எழுதியிருக்கிறேன். எனக்குப் பிறகு அவை என்ன ஆகும்? (ஒரு வாசகர், மல்லேஸ்வரம்)

பதில்: இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கக்கூடும் என்று கூகுள் 2023-இல் அறிவித்தது. உங்கள் வலைப்பூ கூகுளின் பிளாகரில் இருந்தால், கணக்கு செயலற்றுப் போனால் யாருக்குத் தெரிவிப்பது என்று முன்கூட்டியே பதிந்துவைக்கும் வசதி 2013 முதல் இருக்கிறது. பத்துப் பேர் வரை குறிப்பிடலாம். காத்திருக்கும் காலத்தை மூன்று மாதம் முதல் பதினெட்டு மாதம் வரை நீங்களே வைக்கலாம். பிள்ளைகளோடு, உங்களோடு எழுதிவரும் ஒருவர் பெயரையும் கட்டாயம் சேருங்கள். அந்தப் பதிவுகளின் கீழே பல ஆண்டுகளாக நண்பர்கள் எழுதியதும் இருக்கிறதல்லவா? அதன் அருமை அவர்களில் ஒருவருக்குத்தான் தெரியும்.

கேள்வி: 2008 முதல் வலைப்பூ எழுதுகிறேன். வீடு, மாமியார், மழை, சமையல் என்று சின்னச் சின்ன விஷயங்கள்தான். முதல் பதிவிலிருந்து என்னைப் படிக்கும் தோழி ஒருவர் உண்டு. அவரும் அப்படித்தான் எழுதுவார். புனைபெயரும் மின்னஞ்சல் முகவரியும் மட்டுமே தெரியும். ஏழு மாதமாக அவர் எழுதவில்லை. மொட்டைமாடிக் கறிவேப்பிலைச் செடி வாடிக்கொண்டே போகிறது என்பதுதான் கடைசிப் பதிவு. "முகமே பார்க்காதவருக்காக ஏனம்மா இப்படித் தவிக்கிறீர்கள்?" என்கிறான் மகன். தேடலாமா? அது அத்துமீறல் ஆகுமா? (ஒரு வாசகி, சி.வி. ராமன் நகர்)

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் மகனிடம் ஒன்று கேளுங்கள். அலுவலகத்தில் பக்கத்து இருக்கையில் இருப்பவரின் அம்மாவுக்கு எந்த முழங்காலில் வலி என்று அவனுக்குத் தெரியுமா? உங்கள் தோழியின் வீட்டில் அது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஒருவரின் அன்றாடத்தைப் படித்துவிட்டு, அவரை முகம் தெரியாதவர் என்று எப்படிச் சொல்வது?

நான் வலைப்பூ தொடங்கியது 2007-இல், வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்ற பிறகு. அக்கா மகன் கணினியில் தமிழ் தட்டெழுத உதவும் எ-கலப்பை மென்பொருளை நிறுவித் தந்தான். அல்சூரில் எங்கள் தெருவில் காவிரித் தண்ணீர் வரும் நாளைப் பற்றி எட்டு வரி எழுதிப் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் ஒரு பின்னூட்டம் இருந்தது. "ஜெயநகரில் எங்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும். நீங்கள் எத்தனை குடம் பிடிப்பீர்கள்?" அந்தக் கேள்வியைக் கேட்டவர் பத்து ஆண்டுகள் என் தோழியாக இருந்தார்.

எங்கள் ஏரிக்கரையில் பதினெட்டு ஆண்டுகள் மூடிக்கிடந்த வள்ளுவர் சிலையை 2009 ஆகஸ்ட் 9 அன்று திறந்தார்கள். அதற்குச் சில வாரங்கள் கழித்து, பெங்களூருவில் எழுதிக்கொண்டிருந்த நாங்கள் ஒன்பது பேர் அதே ஏரிக்கரையில் கூடினோம். மெட்ரோ ரயில் வேலை நடந்துகொண்டிருந்ததால் எல்லாரும் புழுதியோடு வந்து சேர்ந்தோம். யாருடைய சொந்தப் பெயரும் யாருக்கும் தெரியாது. வந்து உட்கார்ந்த பெரியவரிடம் ஒரு பெண், "அப்பாவின் மூக்குக்கண்ணாடி கிடைத்துவிட்டதா?" என்று கேட்டார். அதற்கு மேல் அறிமுகம் தேவைப்படவில்லை.

2011-இல் என் கணவருக்கு இதய அறுவைச் சிகிச்சை. மருத்துவமனை நடைபாதை நாற்காலியில் கழித்த இரவைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். மறுநாள் மதியம் ஜெயநகர்த் தோழி தூக்குச்சட்டியில் தயிர்சாதமும் நார்த்தங்காய் ஊறுகாயுமாக வந்து நின்றார். "அவருக்கு எப்படி இருக்கிறது என்று அப்புறம் கேட்கிறேன். நீங்கள் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் படுங்கள், நான் உட்கார்ந்திருக்கிறேன்" என்றார். அவருடைய சொந்தப் பெயரை அன்று பார்வையாளர் பதிவேட்டில்தான் முதன்முதலாகப் படித்தேன்.

பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டிய கூகுள் ரீடரை 2013 ஜூலையில் மூடினார்கள். யார் வீட்டில் விளக்கு எரிகிறது என்று ஒரே திண்ணையில் உட்கார்ந்தபடி பார்ப்பதற்கு அது உதவியது. பலரும் முகநூலுக்கும் வாட்ஸாப்புக்கும் போனார்கள். அங்கே பேச்சுக்குக் குறைவில்லை. ஆனால், மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய ஐப்பசியில் ஒருவர் என்ன எழுதினார் என்று அங்கே யார் தேடிப் படிக்கிறார்கள்? எங்கள் ஒன்பது பேரில் கடைசிவரை வலைப்பூவில் எழுதியவர்கள் நானும் ஜெயநகர்த் தோழியும்தான். அவர் இடையில் மகள் வீட்டோடு இருக்கப் புனேவுக்குப் போய்விட்டார். தொலைபேசி எண்ணும் மாறிவிட்டது.

2017-இல் அவருடைய பக்கம் அமைதியாயிற்று. புது ஊர், பேரக்குழந்தை, ஓய்வில்லை போலிருக்கிறது, தொந்தரவு செய்யக்கூடாது என்று நினைத்தேன். மின்னஞ்சல் முகவரி என்னிடம் இருந்தது; எழுதவில்லை. ஐந்து மாதம் கழித்து அந்தப் பக்கத்தில் மகள் ஒரு பதிவு எழுதினார். அம்மா புற்றுநோயில் போய்விட்டார். கடைசி நாள்களிலும் என் பதிவுகளைப் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டாராம். பதில் தட்டெழுத விரல்களில் வலு இல்லையாம். தொந்தரவு என்று எண்ணி நான் ஒதுங்கியிருந்த மாதங்கள் அவை. அதை நான் இன்றும் மன்னித்துக்கொள்ளவில்லை.

அதனால் தேடுங்கள். ஆனால் உங்கள் பக்கத்தில் "இவரைக் காணவில்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்" என்று எழுதிவிடாதீர்கள். புனைபெயருக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும். புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் எழுதும் பெண்களை எனக்குத் தெரியும். ஊரெல்லாம் கூடித் தேடினால் அவர்கள் ஒளிந்து எழுதிய இடமும் போய்விடும். பழைய பதிவுகளிலிருந்து கோயில், பள்ளிக்கூடம், பஸ் எண் என்று துப்புச் சேர்த்து வீட்டைக் கண்டுபிடிக்கும் வேலையும் வேண்டாம். இருவருக்கும் பொதுவான பழைய பதிவர் ஒருவரிடம் தனியாக விசாரியுங்கள். உங்கள் தோழிக்கும் ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். "எழுதுவதை விட்டுவிட்டேன், இப்படியே இருக்கிறேன்" என்று பதில் வந்தால் அதை மதித்து நின்றுவிடுங்கள்.

மின்னஞ்சலில் "ஏன் எழுதவில்லை?" என்று கேட்க வேண்டாம், கேட்டால் அவர் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். உடம்பு முடியாதவருக்கு அதுவே பாரம். அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள். கறிவேப்பிலைச் செடி துளிர்த்ததா என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் புளித்த மோரைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவோம், அதைச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் அன்று என்ன சமையல், மழை வந்ததா, மாமியார் எப்படி இருக்கிறார் என்று வழக்கம்போல் நான்கு வரி எழுதுங்கள். கையொப்பமாக அவருக்குத் தெரிந்த புனைபெயரையே போடுங்கள். "பதில் எழுத முடியாவிட்டாலும் பரவாயில்லை, அடுத்த வாரமும் எழுதுவேன்" என்று முடித்து, இன்றிரவே அனுப்பிவிடுங்கள்.