கூரை ஓரத்து மழைத்தண்ணி கட்டர்: கேட்டதும் சொன்னதும்

மழை வர்றதுக்கு முன்னாடி கட்டர் ரிப்பேர் பத்தி என்ன வேணாலும் கேளுங்கன்னு சொன்னேன், கேள்வி குவிஞ்சிருச்சு. ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் சேத்துட்டேன்.

கேள்வி: அண்ணா, கட்டர் ஜாயின்ட்ல சொட்டிக்கிட்டே இருக்கு. ரெண்டு தடவை சிலிகான் அடிச்சாச்சு, நிக்கல. எந்த சிலிகான் நல்லது?

பதில்: சிலிகானை விடுங்க, மழை விட்டு மறுநாள் ஏறி ஜாயின்ட்டுக்குப் பக்கத்துல தண்ணி தேங்கி நிக்குதான்னு பாருங்க. நின்னுச்சுன்னா கோளாறு ஜாயின்ட்ல இல்ல, வாட்டத்துல. எந்நேரமும் தண்ணிக்குள்ள ஊறிக் கிடந்தா எதை அடிச்சாலும் ஒருநாள் விட்டுரும். 10 அடிக்கு கால் இன்ச்சாவது இறக்கம் வேணும், இதைக் கண்ணால பாத்து முடிவு பண்ணாதீங்க, கூரையே கோணலா இருந்தா கண்ணு ஏமாந்துரும், அதனால நூல் கட்டுங்க இல்ல டியூப் லெவல் (தண்ணி நிரப்பின டியூப்) வச்சுப் பாருங்க. முக்கால்வாசி வீட்டுல நடுவுல ஒரு கிளாம்ப் லூசாகி கட்டர் தொங்கியிருக்கும், அதைத் தூக்கி ஸ்க்ரூ போட்டாலே சரியாயிரும். புதுசா போடறவங்க 2 அடிக்கு ஒரு கிளாம்ப் வைங்க.

வாட்டம் சரியா இருந்தும் சொட்டுதுன்னா, பழைய சிலிகானை மொத்தமா சுரண்டி எடுத்து, நல்லா காயவிட்டு, கட்டருக்கு உள்பக்கமா அடிங்க. வெளிய அடிச்சா உள்ள இருந்து வர்ற தண்ணியே அதைத் தள்ளி விட்டுரும். தகரக் கட்டருக்கு வினிகர் வாசனை அடிக்கிற சிலிகான் வேணாம், அதுல வர்ற ஆசிட் தகரத்து மேல பூசியிருக்கிற துத்தநாகத்தை அரிக்கும். நியூட்ரல் வகைன்னு கேட்டு வாங்குங்க.

கேள்வி: பிவிசி கட்டர் வெயில் காலத்துல வளைஞ்சு நெளியுது, மட்டமான சரக்கா சார்?

பதில்: சரக்கு நல்ல சரக்காவே இருக்கலாம். பிவிசி சூட்டுல நல்லாவே நீளும், 10 மீட்டர் கட்டர் 30 டிகிரி சூடு ஏறினா கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர். ரெண்டு முனையையும் இறுக்கி வச்சுட்டா அது எங்க போகும், நெளியத்தான் செய்யும். ரப்பர் வச்ச ஜாயின்ட்டுக்குள்ள இடைவெளி விடுங்க, அங்க பசை தடவாதீங்க.

கேள்வி: கட்டர் சுத்தமாத்தான் இருக்கு, ஆனா பெரிய மழைன்னா நிரம்பி வழியுது.

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்க. 1 சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் மழை பெஞ்சா 1 லிட்டர். கூரை 100 சதுர மீட்டர், மழை மணிக்கு 50 மில்லிமீட்டர்னா 5000 லிட்டர், அதாவது நிமிஷத்துக்கு 80 லிட்டருக்கு மேல. ஒரே ஒரு இறங்கு பைப்பை நம்பி இருந்தா அது திணறும், அடுத்த முனைலயும் ஒண்ணு இறக்குங்க, வாட்டத்தை நடுவுலேர்ந்து ரெண்டு பக்கமும் பிரிச்சு விடுங்க. கட்டரை அகலமாக்கறதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க. அப்புறம் ஷீட் நுனி கட்டரோட பாதி அகலத்தைத் தாண்டி நீட்டிட்டு இருக்கான்னும் பாருங்க, அப்படின்னா தண்ணி கட்டரைத் தாண்டித்தான் குதிக்கும்.

கேள்வி: மேல வலை போட்டா சுத்தம் பண்ற வேலையே இருக்காதாமே?

பதில்: விக்கிறவங்க அப்படித்தான் சொல்வாங்க. சருகு நிக்கும், ஆனா தூசி உள்ள இறங்கி வண்டலாயிரும், வலையைக் கழட்டி அள்ளறது இன்னும் ரோதனை. இறங்கு பைப் வாய்ல மட்டும் பந்து மாதிரி கம்பி வடிகட்டி வைங்க, இலை உதிர்ற சீசன் முடிஞ்சதும் ஒரு தடவை, மழைக்கு முன்னாடி ஒரு தடவை கையால அள்ளிருங்க. கிளவுஸ் மறக்காதீங்க, தகர விளிம்பு கிழிச்சிரும்.

கேள்வி: இறங்கு பைப் அடைச்சிருக்கு, மேலேர்ந்து குச்சி விட்டுக் குத்தலாமா?

பதில்: வேணாம், அடைப்பு இன்னும் இறுகும். கீழ் முனைலேர்ந்து ஹோஸ் விட்டு மேல் நோக்கி அடிங்க. அப்பவும் வரலைன்னா பைப்பைத் தட்டிக்கிட்டே வாங்க, சத்தம் மந்தமா மாறுற இடம்தான் அடைப்பு, அந்தத் துண்டை மட்டும் கழட்டுங்க.

கேள்வி: கட்டர்ல கொசு வருது அண்ணா, மருந்து என்ன?

பதில்: முதல் பதில்தான். தண்ணி நிக்காட்டி கொசு இல்ல.

கேள்வி: ஏணியைக் கட்டர் மேலயே சாய்க்கலாமா?

பதில்: கூடாது, கட்டர் நசுங்கும், ஏணியும் வழுக்கும். செவுத்துல சாயுற மாதிரி ஏணித் தலைல குறுக்குக் கட்டை வச்சுக்கோங்க. 4 அடி உயரத்துக்கு 1 அடி செவுத்தை விட்டுத் தள்ளி ஏணிக் காலை வைங்க, கீழ ஒரு ஆள் பிடிச்சுக்கட்டும். கரண்டு வயர் பக்கத்துல போகுதுன்னா அலுமினிய ஏணியை எடுக்கவே எடுக்காதீங்க.