வாசகர் கேள்வி: கண்டக்டிங் படிக்கக் கடன் வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் சர்ச் கொயரை இப்போது நான்தான் நடத்துகிறேன். பியானோவில் ஆறாம் கிரேடு முடித்திருக்கிறேன். கண்டக்டிங்கை, அதாவது பாடகர் குழுவையோ வாத்தியக் குழுவையோ முன்னால் நின்று கையசைத்து நடத்துவதை, முறையாகப் படிக்க ஆசை. அப்பா ரிட்டையர் ஆகிவிட்டார், பெரிய கடனெல்லாம் முடியாது. பி.காமை விட்டுவிட்டு இசைக்குப் போகலாமா? குறைந்த செலவில் எங்கே படிக்கலாம்?
- வாசகி, பெரம்பூர்

பதில்: பி.காமை விடாதீர்கள்மா, இன்னும் ஒரு வருஷம்தானே. கண்டக்டிங் படிப்பு பல இடங்களில் மாஸ்டர்ஸில்தான் ஆரம்பிக்கிறது, அதற்கு ஏதாவது ஒரு பட்டம் கையில் இருந்தாக வேண்டும். இசையல்லாத பட்டத்தை ஏற்பார்களா என்பதை மட்டும் ஒவ்வொரு கல்லூரிக்கும் மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

நம் அரசு இசைக் கல்லூரிகளில் கட்டணம் குறைவுதான், ஆனால் அங்கே முக்கியமாகக் கர்நாடக இசை, உங்களுக்குப் பொருந்தாது. வெளிநாடு என்றதும் எல்லாரும் ஜெர்மனி இலவசம் என்பார்கள். பாதி உண்மை. பெரும்பாலான மாநிலங்களில் கட்டணம் இல்லை, ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் 2017 முதல் நம்மைப் போன்றவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. அதைவிடப் பெரிய தொகை வேறு ஒன்று இருக்கிறது: விசாவுக்காக ஒரு வருஷச் சாப்பாடு, வாடகைக்கென்று 12,000 யூரோ அளவுக்கு வங்கியில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும், அதாவது ஏறக்குறைய 12 லட்ச ரூபாய். அமெரிக்காவில் கர்டிஸ் இசைக் கல்லூரியில் 1928 முதல் கட்டணமே கிடையாது, யேல் இசைப் பள்ளியிலும் 2005-இல் வந்த 10 கோடி டாலர் நன்கொடைக்குப் பிறகு கிடையாது, ஆனால் கண்டக்டிங்குக்கு எடுப்பது விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களைத்தான்.

உங்களிடம் கொயர் இருப்பதால் நான் முதலில் ஹங்கேரியைத்தான் பார்ப்பேன். கெச்கெமெட் நகரத்தில் கோடாய் என்ற ஹங்கேரிய இசையமைப்பாளர் பெயரில் ஒரு இசை நிறுவனம் இருக்கிறது, புடாபெஸ்ட் லிஸ்ட் அகாடமியைச் சேர்ந்தது. சேர்ந்திசை, அதாவது கொயர், நடத்தக் கற்பதற்குப் பேர் போன இடம். ஸ்டிபெண்டியம் ஹங்காரிகம் என்ற அரசு உதவித்தொகை கிடைத்தால் கட்டணம் இல்லை, மாதாமாதம் கொஞ்சம் பணமும் வரும். விண்ணப்பம் வழக்கமாக ஜனவரியில் முடிந்துவிடும், கிறிஸ்துமஸ் கேரல் பரபரப்பில் மறந்துவிடாதீர்கள்.

சரி, அதுவரைக்கும்? எங்கே போனாலும் நுழைவுத் தேர்வில் உங்களைப் பியானோ முன்னால் உட்கார வைப்பார்கள். நான்கு குரலுக்கு எழுதிய பாட்டில் ஒரு குரலை வாயால் பாடிக்கொண்டே மற்ற மூன்றையும் விரலால் வாசிக்கச் சொன்னால் ஆறாம் கிரேடுக்காரர்கள் பலர் திணறிப்போவார்கள். சர்ச் பாட்டுப் புத்தகமான பாமாலையில் ஒரு பாட்டை எடுத்து, டெனரை (ஆண்களின் மேல் குரலை) பாடி, மிச்சத்தை வாசித்துப் பாருங்கள், இன்றைக்கே. அது கை வந்ததும் வாத்தியங்களுக்கான நோட்டையும் பியானோவில் வாசித்துப் பழகுங்கள்: முதலில் வயோலாவுக்கான ஆல்டோ கிளெஃப் என்ற குறியீட்டில் எழுதியது, அப்புறம் எழுதியதைவிட ஒரு முழு ஸ்வரம் கீழே ஒலிக்கும் பி ஃபிளாட் கிளாரினெட். கையில் இருக்கும் காசை நல்ல பியானோ ஆசிரியருக்குக் கொடுங்கள், ‘மூன்றே மாதத்தில் கண்டக்டர்’ சான்றிதழ்களுக்குக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, வேறொருவர் கையசைவுக்குக் கீழே நின்று பாடுங்கள். சென்னையில் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் 1893 முதல் இருக்கிறது, குரல் தேர்வு கொடுத்துப் பாருங்கள். நம் ஊர்க் கண்டக்டர் ஜுபின் மேத்தா வியன்னாவில் மாணவராக இருந்தபோது, காரயான் போன்ற பெரிய கண்டக்டர்களின் ஒத்திகையைப் பார்க்க அனுமதி கிடைக்காததால், உடன் படித்த அபாடோவையும் சேர்த்துக்கொண்டு அங்கிருந்த பாடகர் குழுவில் பாஸ் (ஆண்களின் கீழ்க்குரல்) பாடப் போய்விட்டார். குறுக்கு வழிதான், ஆனால் ஒத்திகையில் கண்டக்டர் எந்த இடத்தில் நிறுத்துகிறார், நிறுத்தி என்ன சொல்கிறார் என்பதை அவ்வளவு பக்கத்திலிருந்து வேறெப்படிப் பார்ப்பது?

அதே வாசகி: கல்லூரிகளில் விண்ணப்பத்தோடு நான் கண்டக்ட் செய்யும் வீடியோ அனுப்பச் சொல்கிறார்கள், கச்சேரி வீடியோ போதுமா?

பதில்: போதாது. அதில் உங்கள் முதுகுதான் தெரியும். கேமராவைக் கொயருக்குப் பின்னால், ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல்) பாடுகிறவர்களின் தலைக்கு மேலே வையுங்கள், முகமும் இரண்டு கையும் தெரிய வேண்டும். தப்பு நடந்து நீங்கள் நிறுத்தித் திருத்துகிற ஒத்திகைத் துண்டு ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள், சில இடங்களில் அதைக் கேட்டே வாங்குவார்கள்.